புத்தகம் அனுப்பக் கொடுத்த விலாசம்

நான் பாடம் நடத்துவது இருபத்திரண்டு கருப்புக் கட்டங்களுக்கு. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு பெயர் இருக்கும், முகம் இருக்காது. கேமராவைப் போடுங்கள் என்று முதல் வாரம் கெஞ்சுவேன், இரண்டாம் வாரம் அதட்டுவேன், மூன்றாம் வாரம் எனக்கே அலுத்துவிடும். பாலர் பள்ளிகளில் வேலை செய்யும் பெண்களுக்கான சான்றிதழ் வகுப்பு அது. சனிக்கிழமை காலை இரண்டு மணி நேரம் நேரடியாகப் பேசுவேன். மற்றதெல்லாம் வகுப்புக்கென்று இருக்கும் இணையதளத்தில். மூன்று வயதுக் குழந்தை ஏன் கடிக்கிறது, அழுகிற குழந்தையை எப்படிச் சமாளிப்பது என்று தொண்டை வறளப் பேசிவிட்டு "புரியுதா?" என்று கேட்டால், ஒரே ஒரு கட்டைவிரல் படம் மேலே எழும்பி மறையும். சில வாரம் அதுவும் இல்லை.

வீடு தலைநகர் கே.எல்.லில், பிரிக்பீல்ட்ஸில், ஏழாவது மாடி. வகுப்பை நடத்தும் பயிற்சி மையம் இரண்டு தெரு தள்ளி, ஓர் அச்சகத்துக்கு மேல் இருக்கிறது. கொரோனா அடைப்பின்போது வீட்டிலிருந்தே வேலை பாருங்கள் என்றார்கள். அடைப்பு முடிந்தது. திரும்பி வாருங்கள் என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அம்மா இருந்தவரை சண்டை போடவாவது வீட்டில் ஓர் ஆள் இருந்தது. அண்ணன் செராஸில் இருக்கிறான். தீபாவளிக்குக் கூப்பிடுவான், போனால் "இளைச்சிட்டியே" என்பான், அதோடு அடுத்த தீபாவளிதான். கீழே கடையில் "அண்ணே, ஒரு தே தாரேக், பொட்டலம்" என்று தேநீர் கேட்பதுதான் சில நாள்களில் நான் இன்னொரு மனிதரிடம் வாய் திறந்து பேசும் மொத்தப் பேச்சு. இதைப் பரிதாபத்துக்காகச் சொல்லவில்லை. பின்னால் நான் செய்த காரியத்துக்கு இதுதான் காரணம் என்பதால் சொல்லி வைக்கிறேன்.

தளத்தில் கலந்துரையாடல் பக்கம் என்று ஒன்று உண்டு. வாரம் ஒரு கேள்வி போடுவேன். ஒவ்வொருவரும் ஒரு பதிலாவது எழுதினால்தான் அந்த வாரத்து மதிப்பெண். "நல்ல பாடம், நன்றி டீச்சர்" என்று ஒரு வரி எழுதிவிட்டு ஓடிவிடுவார்கள். ஓர் அக்கா மட்டும் ஓடவில்லை. என்னைவிட ஆறு வயது மூத்தவர், ஐம்பத்து மூன்று. கிள்ளானில் ஒரு பாலர் பள்ளியில் சமையலுக்குச் சேர்ந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு வந்தவர். மதியம் ஒன்றேகாலுக்குக் குழந்தைகளைத் தூங்க வைத்ததும் கைப்பேசியை எடுத்து எழுத உட்கார்ந்துவிடுவார்.

"டீச்சர், கோவம் வந்தா பிள்ளைங்க கடிக்கும்னு பாடத்துல போட்டிருக்கு. எங்ககிட்ட ஒருத்தன் இருக்கான், சந்தோசம் வந்தா கடிக்கிறான். இதுக்கு என்ன செய்றது?" என்பதுதான் அவர் எழுதிய முதல் பதிவு.

வீட்டில் தனியாக உட்கார்ந்துகொண்டு சத்தமாகச் சிரித்தேன். பதிலும் எழுதினேன். அடுத்த நாள் அந்தப் பையன் என்ன செய்தான் என்று அவர் எழுதினார். அதற்கும் பதில் எழுதினேன். இரண்டாவது மாதத்தில் பாடத்தை ஓரம் கட்டிவிட்டோம். அவர் தங்கியிருந்த வீட்டு வாசலில் ஒரு ஜம்பு மரம், வௌவால் தின்றுவிடாமல் ஒவ்வொரு காய்க்கும் பிளாஸ்டிக் பை கட்டியிருக்கிறார் என்பது எனக்குத் தெரியும். எனக்கு முட்டி வலி என்பது அவருக்குத் தெரியும். எதை எழுதினாலும் கடைசி வரி ஒன்றாகத்தான் இருக்கும். "சாப்பிட்டாச்சா டீச்சர்?" வகுப்பில் இருக்கிற எல்லாரும் பார்க்கக்கூடிய பக்கம்தான் அது. ஆனால் வேறு யாரும் எட்டிப் பார்ப்பதில்லை என்று தெரிந்ததும் இருவருமே கூச்சத்தை விட்டுவிட்டோம். நான் பன்னிரண்டரைக்குச் சாப்பிடுகிற ஆள். அவருக்காக ஒன்றேகாலுக்கு மாற்றிக்கொண்டேன்.

தளத்துக்கு நான்தான் நிர்வாகி. யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார்கள், எந்தப் பக்கத்தில் எத்தனை நிமிடம் இருந்தார்கள், எந்தக் கைப்பேசியிலிருந்து வந்தார்கள் எல்லாம் எனக்குத் தெரியும். பாடத்துக்கு வராதவர்களைக் கண்டுபிடிக்கத்தான் அந்த வசதி. நான் அதைத் திறந்து அந்த அக்காவின் வரியை மட்டும் பார்ப்பேன். ஒருமுறை வாய் தவறிவிட்டது. "நேற்று ஏன் இரண்டே நிமிடத்தில் போய்விட்டீர்கள்?" என்று எழுதிவிட்டேன். "ஐயோ டீச்சர், அதெல்லாம்கூட உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டு, ஒரு சிரிப்புப் படமும் போட்டிருந்தார். அந்தக் கேள்வியைக் கொஞ்சம் யோசித்திருக்க வேண்டும். நான் சிரிப்பை மட்டும் பார்த்தேன்.

இனி அவருடைய ரகசியத்துக்கு வருகிறேன். சேரும்போதே போனில் சொல்லிவிட்டார். அவருக்கு ஐசி, அதாவது அடையாள அட்டை, இல்லை. குடிமக்களுக்கான நீல அட்டையும் இல்லை, நிரந்தரவாசிகளுக்கான சிவப்பு அட்டையும் இல்லை. தோட்டத்தில் பிறந்தவர், பிறப்பைப் பதிவு செய்யாமலே அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மூன்று முறை மனு போட்டும் மூன்று முறையும் அது இல்லை, இது இல்லை என்று திரும்பி வந்துவிட்டது. பாலர் பள்ளியில் சமையல்காரிக்கு யார் ஐசி கேட்கப் போகிறார்கள்? அங்கே அவர் ஒன்றும் சொல்லவில்லை, அவர்களும் ஒன்றும் கேட்கவில்லை. இப்போது சான்றிதழ் வாங்கினால் வகுப்பைக் கொடுக்கிறேன் என்று முதலாளியம்மா சொல்லியிருக்கிறார்.

"சர்ட்டிபிகேட்ல ஐசி நம்பரு வருமா டீச்சர்?" என்று கேட்டார்.

"இல்லக்கா. பேரு மட்டும்தான்."

"என் பேரு அச்சுல போட்ட பேப்பரு இதுவரைக்கும் ஒண்ணுகூட என்கிட்ட இல்ல டீச்சர்" என்றார். "ஒண்ணு இருந்தா நல்லாருக்கும்."

அப்புறம் எப்படி முடியாது என்று சொல்வது? சேர்த்துக்கொண்டேன். மையத்தில் யாரிடமும் கேட்கவில்லை. ஆனால் பதிவுப் படிவம் என்னைவிடப் பிடிவாதம். ஐசி எண் கட்டத்தைக் காலியாக விட்டால் அடுத்த பக்கம் வராது, பன்னிரண்டு இலக்கம் வேண்டும் என்று சிவப்பில் கத்தும். எரிச்சலில் பன்னிரண்டு சைபரை அடித்தேன். ஏற்றுக்கொண்டது. பிரச்சினை தீர்ந்தது என்று அந்தக் கட்டத்தை அன்றே மறந்துவிட்டேன்.

எட்டு மாதம் நன்றாகப் போயிற்று. பிறகு ஒரு புகார் வந்தது. ஒவ்வொரு பருவத்திலும் மதிப்பெண் பட்டியலைப் பெயரோடு தளத்தில் போடுவது எங்கள் வழக்கம். குறைவாக வாங்கிய ஒரு பெண், ஊருக்கே தெரிகிற மாதிரி என் மார்க்கைப் போட உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது என்று மையத்துக்குப் போன் போட்டு மேலாளரை ஒரு பிடி பிடித்துவிட்டார். மேலாளர் என்னைக் கூப்பிட்டார்.

"டீச்சர், இனிமே பேரு போடக் கூடாது. பிரைவசி பிரச்சினை லா. பேரு இல்லாம ஏதாவது வழி பாருங்க."

பிரைவசி என்ற சொல்லை அவர் அன்று காலையில்தான் கற்றுக்கொண்டார் என்று நினைக்கிறேன். நான் மட்டும் என்ன வாழ்ந்தது? ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. "பேரை எடுத்துட்டு ஐசி நம்பரைப் போட்டுடலாம் சார்" என்றேன். நம் நாட்டில் வளர்ந்த யாருக்கும் முதலில் தோன்றுவது அதுதான். பள்ளிக்கூடம், மருத்துவமனை, நூலகம், கடைக் குலுக்கல் என்று எங்கே போனாலும் அந்த நம்பரைத்தான் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். பெயர் என்றால் ஆள், நம்பர் என்றால் வெறும் நம்பர் என்று மனதில் பதிந்துபோய்விட்டது. முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த மாநிலம், கடைசி இலக்கம் ஆணா பெண்ணா என்று சொல்லும். இது எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். மேலாளர் "பிரில்லியண்ட் டீச்சர்" என்றார், நான் பூரித்துப்போனேன்.

பட்டியலை ஒரு வியாழக்கிழமை மதியம் ஏற்றினேன். பெயர் வரிசையை நீக்கி எண் வரிசையை வைத்ததும் தளம் தானாகவே சிறிய எண்ணிலிருந்து பெரிய எண்ணுக்கு அடுக்கிக்கொண்டது. நான் சரியாக வந்ததா என்று கீழே மட்டும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, கைப்பேசியை மேசையில் போட்டுவிட்டுத் துணி துவைக்கப் போய்விட்டேன். எல்லாவற்றுக்கும் மேலே, முதல் வரியில், பன்னிரண்டு சைபர் உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் தொண்ணூற்றொரு மதிப்பெண். வகுப்பிலேயே அதுதான் அதிகம்.

வகுப்புக்கு ஒரு வாட்சப் குழு இருக்கிறது. கட்டைவிரல் தொல்லை தாங்காமல் அதன் சத்தத்தை நான் அடைத்து வைத்திருந்தேன். துணியைக் காயப் போட்டுவிட்டு வந்து பார்த்தபோது நாடகம் முடிந்தே போயிருந்தது. மேலிருந்து படித்தேன்.

"யாருப்பா இந்த முட்டை நம்பரு? 91 மார்க்கு!"

"டெஸ்ட் அக்கவுண்ட் லா."

"டெஸ்ட் அக்கவுண்ட் அசைன்மென்ட் எழுதுமா?"

"எல்லாரும் அவங்கவங்க நம்பரப் பாருங்க. நம்பரு இருக்கறவங்க கை தூக்குங்க, கண்டுபிடிச்சிடலாம்."

விளையாட்டுத்தான். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. "நான் இருக்கேன்." "நான் இருக்கேன்." "நானும் இருக்கேன்." என் வகுப்பில் கேமரா போடாத, கேட்டால் வாய் திறக்காத அத்தனை பேரும் அன்று வரிசையாக வந்து கை தூக்கியிருந்தார்கள். முப்பத்தைந்து என்று சொல்லிக்கொண்டிருந்த ஒருவருக்கு நாற்பத்து நான்கு என்று கண்டுபிடித்து நடுவில் ஒரு சிரிப்பு வேறு. இருபத்தோரு பேர் ஆயிற்று.

"அப்ப கிள்ளான் அக்காதான் பாக்கி. ஏன், அவங்களுக்கு ஐசி இல்லையா?"

அதற்குக் கீழே, அந்த அக்கா வேலை செய்யும் அதே பாலர் பள்ளியிலிருந்து படிக்க வந்த இன்னொரு பெண், "ஓ" என்று மட்டும் எழுதியிருந்தார். அதற்குப் பிறகு யாரும் எதுவும் எழுதவில்லை.

பட்டியலைத் தளத்திலிருந்து எடுத்தேன். எடுத்து என்ன பயன், குழுவில் படமாக ஏற்கெனவே உலவிக்கொண்டிருந்தது. "அது தொழில்நுட்பக் கோளாறு, யாரும் பொருட்படுத்த வேண்டாம்" என்று ஒரு பச்சைப் பொய்யை எழுதினேன். மூன்று கட்டைவிரல் வந்தது. அக்காவுக்குப் போன் போட்டேன். இரண்டு முறை அடித்து ஓய்ந்தது. மூன்றாவது முறை போன் அணைந்திருந்தது.

மேலாளருக்கும் செய்தி போயிற்று.

"டீச்சர், ஐசி இல்லாதவங்கள யாரு சேர்த்தது?"

"நான்தான் சார்."

"நீங்க சொல்லல, நான் கேட்கல. சரியா?" என்றார். அவ்வளவுதான் மையத்தின் விசாரணை.

அதற்குப் பிறகு அந்த அக்கா தளத்துக்கு வரவேயில்லை. கடைசியாக வந்தது அந்த வியாழன் மதியம் ஒன்று பதினேழு என்று பதிவு சொன்னது. மறுநாளும் ஒன்று பதினேழு. அடுத்த வாரமும் ஒன்று பதினேழு. ஒன்றேகாலுக்குத் தட்டை வைத்துக்கொண்டு கணினி முன்னால் உட்காருவேன். பக்கத்தைப் புதுப்பித்துப் புதுப்பித்துப் பார்ப்பேன். சோறு ஆறிப்போகும். தனியாக இருந்து பழகியவள்தான் நான், அதில் எனக்கு ஒரு திமிர்கூட இருந்தது. அந்தப் பதினாறு நாளில் அது எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. ஒரு நாள் குளியலறைக் குழாயைச் சரி பண்ண வந்த ஆளிடம் சம்பந்தமே இல்லாமல் என் முட்டி வலியைப் பற்றிப் பத்து நிமிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் பாவம், குறடைக் கையில் வைத்துக்கொண்டு தலையாட்டினார்.

பதினேழாவது நாள் ஞாயிற்றுக்கிழமை. பதிவுப் பட்டியலைத் திறந்து அவருடைய விலாசத்தை எடுத்தேன். கிள்ளானில் பண்டமாரான் பகுதி. மன்னிப்புக் கேட்கத்தானே போகிறோம், அதில் என்ன தப்பு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், மன்னிப்பு பாதிதான். சாப்பிட்டாச்சா என்று கேட்க ஓர் ஆள் வேண்டும் என்பது மீதிப் பாதி.

மரியாதையாகத் தெரிய வேண்டும் என்று இஸ்திரி போட்ட சட்டை, கருப்புக் கால்சட்டை போட்டுக்கொண்டேன். யாரோ எவரோ என்று நினைத்துவிடக் கூடாதென்று மையத்தின் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். விட்டுப்போன பாடங்களை அச்செடுத்து ஒரு கோப்பில் வைத்தேன். மையத்தின் பெயர் ஒட்டிய ஒரு பிஸ்கட் டின், போன விழாவில் மிச்சம். கிள்ளான் வரை கொமுட்டர் ரயில், அங்கிருந்து ஒரு கார். வெயில் மண்டையைப் பிளந்தது. தெருவின் ஒரு பக்கம் முழுக்கத் பெட்டி கழற்றிய துறைமுக லோரிகளின் தலைகள் மட்டும் வரிசையாக நின்றன. பிளாஸ்டிக் பை கட்டிய ஜம்புக் காய்களைத் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டேன். நான் அந்த வீட்டுக்குப் பலமுறை வந்துபோனவள் மாதிரி இருந்தது. வாசலில் பெண்கள் போடும் செருப்பு ஒரு ஜோடி கிடந்தது.

பக்கத்தில் ஒருவர் குழாய் வைத்து லோரியைக் கழுவிக்கொண்டிருந்தார். தெரியாதவர்களிடம் எங்கே போனாலும் மலாயில் ஆரம்பிப்பதுதானே பழக்கம். மலாயில் வணக்கம் சொல்லிவிட்டு, கைப்பேசியைப் பார்த்து, பதிவில் இருந்த முழுப் பெயரை அப்படியே வாசித்தேன். அவர் பெயர், நடுவில் 'ஆனாக் பெரெம்புவான்', பிறகு அப்பா பெயர். அந்த அக்காவை அந்தத் தெருவில் யாரும் அப்படிக் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். இன்னாரின் மகள் என்று மலாயில் நீட்டி வாசிப்பது அரசாங்க ஆபீஸில் மட்டும்தான்.

அவர் குழாயை மூடினார். என் கழுத்து அட்டையைப் பார்த்தார், கோப்பைப் பார்த்தார். தமிழில் கேட்டார்.

"எந்த ஆபீஸ் மேடம்?"

"கே.எல்.லேர்ந்து வரேன் அண்ணே."

"என்ன விசயமா?"

"ஒண்ணும் பயப்பட வேணாம். அவங்க ஐசி விசயமா ஒரு தப்பு நடந்திருச்சு. அதச் சரி பண்ணத்தான் வந்தேன்."

இந்த வரியை நான் சொன்னேன். என் வாயால் சொன்னேன். அன்று அது எனக்கு எவ்வளவு நல்ல பேச்சாகப் பட்டது தெரியுமா, குரலைக்கூடத் தணித்துக்கொண்டு, ஆறுதலாகச் சொன்னேன்.

"அப்படி யாரும் இங்க இல்ல மேடம்" என்றார் அவர்.

"இந்த வீடுதானே? இந்த ஜம்பு மரம்..."

"யாரும் இல்ல. அட்ரஸ் தப்பு."

நான் வீட்டுப் பக்கம் திரும்பினேன். சன்னலின் கண்ணாடிப் பட்டைகள் மெல்ல மூடிக்கொண்டிருந்தன. வாசலில் செருப்பு இல்லை. நாங்கள் பேசிக்கொண்டிருந்த அந்த ஒரு நிமிடத்தில் யாரோ கையை நீட்டி அதை உள்ளே இழுத்திருக்கிறார்கள். வேலிக்கு அந்தப் பக்கம், இருபதடி தூரத்தில், எட்டு மாதமாக என்னைச் சாப்பிட்டாயா என்று கேட்ட மனுஷி என்னைப் பார்த்துப் பயந்து நின்றுகொண்டிருந்தார். பிஸ்கட் டின்னை வேலித் தூணின் மேல் வைத்துவிட்டு நடந்தேன்.

லோரிக்காரர் என்னை யார் என்று நினைத்தார் என்பது கொமுட்டரில் பாதி வழியில்தான் உறைத்தது. அட்டை, கோப்பு, மலாய், முழுப் பெயர், ஐசி. தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது, எதிரே ஆள்கள் உட்கார்ந்திருந்ததால் அடித்துக்கொள்ளவில்லை.

செவ்வாய்க்கிழமை மதியம் தளத்தில் எனக்குத் தனிச் செய்தி வந்தது.

"டீச்சர், வணக்கம். ஞாயித்துக்கிழமை வந்தது நீங்கதான்னு பிஸ்கட் டின்னப் பாத்துதான் தெரிஞ்சுது. ஐசிய விசாரிக்கிற பதிவு இலாகா ஆளுங்கன்னு நெனச்சு நான் பின்பக்கமா ஓடிட்டேன். வீட்டு ஓனரு பயந்துட்டாரு, எடத்தக் காலி பண்ணச் சொல்லிட்டாரு. நீங்க டீச்சருன்னு நான் சொல்லியும் கேக்கல. அவரு மேல தப்பு இல்ல, அவருக்கும் பிள்ளைங்க இருக்கு. ஸ்கூலுல போன வாரமே வர வேணாம்னுட்டாங்க. நீங்க கெட்ட எண்ணத்துல செய்யல, அது எனக்குத் தெரியும். ஆனா டீச்சர், அந்த அட்ரஸ் புத்தகம் அனுப்பறதுக்குக் குடுத்தது. வர்றதுக்குக் குடுக்கல. இப்ப எங்க இருக்கேன்னு கேக்காதீங்க. என் பேரு, போன் நம்பரு, நான் எழுதுனது எல்லாத்தையும் எடுத்துருங்க. ஒண்ணும் இருக்கக் கூடாது. சர்ட்டிபிகேட்டு வேணாம். நேரத்துக்குச் சாப்பிடுங்க."

எனக்கு முதலில் வந்தது கோபம். இவ்வளவு தூரம் வெயிலில் அலைந்து வந்தவளிடம் பேசும் பேச்சா இது என்று பொருமினேன். எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினேன், தேவையில்லாத சத்தத்தோடு. திரும்பி வந்து மறுபடியும் படித்தபோது அந்த ஒரு வரியைத் தாண்ட முடியவில்லை. புத்தகம் அனுப்பறதுக்குக் குடுத்தது. வர்றதுக்குக் குடுக்கல. இதற்கு மேல் எனக்கு யார் எதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும்? மேசையில் தலையை வைத்து அழுதேன்.

செய்யாமலும் இருந்திருக்கலாம். கேட்டால் மேலாளர், எதற்கு வம்பு, அப்படியே விடுங்கள் என்றிருப்பார். ஒரே ஒரு பயிற்சிதான் பாக்கி. அவருடைய சான்றிதழின் மாதிரிப் படிவம்கூடத் தயாராக இருந்தது, பெயரைப் பெரிய எழுத்தில் நானே அடித்து வைத்திருந்தேன். ஆளின் பதிவை அழித்தால் மதிப்பெண் போய்விடும், மதிப்பெண் இல்லாமல் சான்றிதழ் இல்லை. அது தெரிந்துதான் வேண்டாம் என்று எழுதியிருக்கிறார்.

முதலில் விலாசத்தை அழித்தேன். பிறகு போன் எண், பிறகு பெயர். கலந்துரையாடல் பக்கத்துக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. நூறுக்கும் மேல் பதிவுகள். சந்தோஷம் வந்தால் கடிக்கிற பையனைப் பற்றிய அந்த முதல் பதிவை மட்டும் என் கைப்பேசிக்கு நகலெடுத்து வைத்துக்கொண்டேன். யாருக்குத் தெரியப் போகிறது? ஐந்து நிமிடம் வைத்திருந்தேன். ஒன்றும் இருக்கக் கூடாது என்று அவர் கேட்டிருந்ததில் எனக்கு மட்டும் விதிவிலக்கு ஏது? அதையும் அழித்தேன். பிறகு தளத்தில் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, அழித்தால் மீட்க முடியாது என்ற எச்சரிக்கைக்குச் சரி என்று சொன்னேன். அவர் எனக்கு அனுப்பிய அந்தக் கடைசிச் செய்தியும் அதோடு போயிற்று. மேலே எழுதியிருப்பது என் நினைவில் இருப்பது.

ஒன்றை நான் எதிர்பார்க்கவில்லை. அழிக்கச் சொன்ன ஆளின் எழுத்தை மட்டும்தான் தளம் அழிக்கும். பதில் எழுதியவரின் எழுத்து அப்படியே நிற்கும். எட்டு மாதப் பேச்சில் என் பாதி மட்டும் மிச்சமாக இருந்தது. "அப்படியா? பிறகு என்ன செய்தான்?" என்று ஒரு வரி. அதன் கீழே, "பை கட்டினாலும் வௌவால் விடாதா?" அதன் கீழே, "இல்லை, இன்னும் சாப்பிடவில்லை." "இன்றைக்கு முட்டி பரவாயில்லை." "நாளைக்கு வருவீர்கள்தானே?" கேள்வி கேட்ட ஆள் இல்லாமல் பக்கம் பக்கமாக என் பதில்கள்.

மதிப்பெண் பட்டியலை இப்போது தளத்தில் போடுவதில்லை. அவரவர் மதிப்பெண் அவரவருக்கு மட்டும் தெரியும். ஐசி கட்டம் காலியாக இருந்தாலும் படிவம் அடுத்த பக்கத்துக்குப் போகும்படி மாற்றச் சொல்லிச் சண்டை போட்டு மாற்றிவிட்டேன். விலாசம் இருக்கும் பட்டியலைத் திறக்கும் அனுமதியை நானே எனக்கு இல்லாமல் செய்துகொண்டேன், புத்தகம் அனுப்புகிறவரிடம் மட்டும் அது இருக்கிறது. இதெல்லாம் செய்த நல்ல காரியமாகச் சொல்லவில்லை. இதில் எதுவும் அந்த அக்காவுக்கு உதவவில்லை. அவர் இப்போது எங்கே இருக்கிறார், யாருடைய குழந்தைகளைத் தூங்க வைக்கிறார் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் கூடாது.

பழைய கலந்துரையாடல் பக்கத்தை அடுத்த குழுவுக்கும் திறந்து வைப்பது எங்கள் வழக்கம். என் பதில்களையும் அழித்திருக்கலாம். ஏனோ செய்யவில்லை. போன மாதம் புதுக் குழுவிலிருந்து ஒரு பெண் அதைப் படித்திருக்கிறார். சனிக்கிழமை வகுப்பு முடியும் நேரத்தில், ஒரு கருப்புக் கட்டத்திலிருந்து அதிசயமாகக் குரல் வந்தது.

"டீச்சர், ஒண்ணு கேக்கலாமா? அந்தப் பழைய பக்கத்துல நீங்க மட்டும் தனியா பேசிக்கிட்டே இருக்கீங்க. யாரு கூட டீச்சர் பேசுறீங்க?"

எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். யாரோ ஒருவர் மெல்லச் சிரித்தார். ஓர் அக்கா இருந்தார் என்றுகூட நான் சொல்லக் கூடாது.

"யாரும் இல்லமா" என்றேன். "அடுத்த பாடத்துக்குப் போவோம்."